பழந்தொலைபேசியும் இணைய ஏலமும்

தை மாதம் முதல் நாள் நடைபெறும் ஜல்லிக்கட்டின் வாயிலாக அவனியாபுரம் என்னும் பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மதுரைக்குத் தெற்கே, விமான நிலையத்திற்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் அது. தனி நகராட்சியாக இருந்து, 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. நான் அவ்வூரில் பிறந்து வளர்ந்தவன். ஏலம் என்பதை நான் முதன்முதலாகக் கண்டது எங்கள் கண்மாய்க் கரையிலேதான். நீர் குறையத் தொடங்கும் மாதத்தில் மீன்பாசிக் குத்தகையை ஏலம் விடுவார்கள். ஏலம் கேட்க வருகிறவர் முதல் நாளே வந்து கரையைச் சுற்றி நடப்பார். கம்பை ஊன்றி ஆழம் பார்ப்பார். வலையை ஒரு முறை வீசச் செய்து, அகப்பட்ட மீனைக் கையில் எடுத்து நிறை பார்ப்பார். மறுநாள் மரத்தடியில், "ஒரு தரம், இரண்டு தரம்" என்று குரல் எழும்பொழுது அவருடைய கண் ஏலம் விடுகிறவர்மேல் இராது. தமக்குப் போட்டியாக நிற்பவருடைய முகத்தின்மேலேயே இருக்கும். பொருளைக் கையால் அறிய வேண்டும். எதிராளியை முகத்தால் அறிய வேண்டும். ஏலத்திற்கு இவ்விரண்டும் கண்கள் போன்றவை என்பது என் இளமனத்தில் பதிந்துவிட்டது.

இவ்விரு கண்களும் இல்லாத ஓர் ஏலத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். கணிப்பொறியின் திரையில் நடைபெறும் ஏலம் அது. அதில் நான் தேடுவது மீனன்று, நெல்லன்று, சுழல்தட்டுத் தொலைபேசி. டயல் என்று எல்லோரும் வழங்கும் அந்தப் பத்துத் துளை வட்டத்தை உங்களுள் பலர் திரைப்படத்தில் மட்டுமே பார்த்திருப்பீர்கள்.

இந்தப் பித்து எனக்கு எவ்வாறு பிடித்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். 1998-ஆம் ஆண்டில் ஒரு திருமணத்திற்காகக் காரைக்குடி சென்றிருந்தேன். அங்கே முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. செட்டிநாட்டுப் பெருவீடுகளிலிருந்து வந்த தூண்களுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் இடையில் கறுப்புத் தொலைபேசி ஒன்று கிடந்தது. விளையாட்டாகச் சுழல்தட்டில் 0 என்னும் துளையில் விரலை விட்டுச் சுழற்றி விட்டேன். கர்ர்ர் என்ற ஒலியோடு அது திரும்பி வந்தது. எத்தனை ஆண்டுகள் அக்கடையில் தூசி படிந்து கிடந்ததோ, நான் அறியேன். ஆயினும் அதன் ஓட்டத்தில் தயக்கமோ தடுமாற்றமோ இல்லை. எந்தக் கை அதனை அவ்வளவு சீராக ஓட வைத்தது என்று வியந்தேன். அன்றிரவே அது என்னோடு பேருந்தில் மதுரைக்கு வந்தது.

அந்த ஓட்டத்தில் என்ன சிறப்பு? அதை விளக்கினால்தான் பின்னால் நான் சொல்லப்போவது விளங்கும்.

தொலைபேசியைக் கண்டவர் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் என்பதும், அவர் உரிமைப் பட்டயம் பெற்றது 1876-ஆம் ஆண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். அக்காலத்துத் தொலைபேசியில் சுழல்தட்டு இல்லை. எக்ஸ்சேஞ்சில் அமர்ந்திருக்கும் பணியாளரிடம் யாரோடு பேச வேண்டும் என்று சொல்வார்கள். அவர் கையால் கம்பியைச் செருகி இணைப்பார். சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் 1882-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சுகள் இத்தகையனவே. மனிதர் துணையின்றி இணைப்புத் தரும் யந்திரத்திற்கு 1891-இல் பட்டயம் பெற்றவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்தில் பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்தியவர் அவர். எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் தம்மைத் தேடி வரும் அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஐயுற்று, அந்தப் பணியாளரே இல்லாமற்போக வழி தேடினார் என்று கதை சொல்வார்கள். கதை எவ்வாறாயினும், 1892-இல் இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்னும் ஊரில் அவருடைய யந்திரம் இயங்கத் தொடங்கியது உண்மை. அதிலும் முதலில் சுழல்தட்டு இல்லை. இலக்கத்திற்கு ஏற்பப் பொத்தானை அத்தனை முறை அழுத்த வேண்டும். விரலால் சுழற்றும் தட்டு, ஸ்ட்ரோஜரின் கூட்டாளிகளால் 1896-ஆம் ஆண்டு அளவில் அமைக்கப்பட்டது. பெரிய நிறுவனமாகிய பெல் அதனை ஏற்க 1919 வரை தயங்கியது. இங்கிலாந்தில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்சு 1912-இல் எப்ஸம் நகரில் திறக்கப்பட்டது. இந்தியாவில் 1913-14-இல் சிம்லாவில், 700 இணைப்புகளோடு.

இந்த ஆண்டுகளை நான் வரலாற்றுப் பாடத்திற்காகச் சொல்லவில்லை. இணைய ஏலத்தில் நுழைபவனுக்கு இவை கவசம் போன்றவை. "1880-ஆம் ஆண்டுத் தொலைபேசி" என்ற தலைப்பின் கீழ், நடுவே பளபளக்கும் சுழல்தட்டோடு ஒரு பித்தளைக் கருவியின் படம் இருக்குமானால், மேலே ஒரு சொல்லும் படிக்க வேண்டியதில்லை.

இனி, தட்டு இயங்கும் முறையைப் பார்ப்போம். தொலைபேசிக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 50 வோல்ட் மின்னழுத்தம் எப்போதும் நிற்கிறது. ரிசீவரை எடுத்தவுடன் சுற்று முழுமையாகி மின்சாரம் ஓடுகிறது. நீங்கள் 5 என்னும் துளையில் விரலை விட்டு, தடுப்பு வரையில் சுழற்றுகிறீர்கள். அப்பொழுது உள்ளே ஒரு வில்சுருள் முறுக்கேறுகிறதே தவிர, எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்றும் போவதில்லை. விரலை எடுத்தபின் தட்டு திரும்பி ஓடும்பொழுதுதான் வேலை நடக்கிறது. அந்த ஓட்டத்தில் மின்சாரம் ஐந்து முறை துண்டிக்கப்படுகிறது. 7 என்றால் ஏழு முறை; 0 என்றால் பத்து முறை. எண்ணை அனுப்புவது உங்கள் விரல் அன்று. விரல் விட்ட பிறகு நிகழும் திரும்பும் ஓட்டம். இதை மறந்துவிடாதீர்கள்.

அவ்வோட்டம் வினாடிக்கு ஏறத்தாழப் பத்துத் துண்டிப்பு என்னும் அளவில் இருக்க வேண்டும். ஏன்? மறுமுனையில், ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில், ஓர் இரும்புக் கை காத்து நிற்கிறது. நான்கு துடிப்பு வந்தால் அது நான்கு படி மேலே ஏறும். அடுத்து ஏழு துடிப்பு வந்தால் ஏழு படி பக்கவாட்டில் நகரும். பத்து அடுக்கு, அடுக்கிற்குப் பத்து முனை. ஆக நூறு சந்தாதாரர்களுள் நாற்பத்தேழாம் எண்காரரின் முனையில் கை போய் நிற்கும். வீட்டில் ஒருவர் விரலை எடுத்த மறுகணம், ஊர் நடுவே ஒரு கட்டடத்தில் இரும்பு எழுந்து நடக்கிறது! துடிப்பு மிக விரைந்தால் இரும்புக் கை அதனோடு ஓட மாட்டாமல் படி தவறும். மிகத் தாமதித்தால், எண் முடிந்தது என்று எண்ணி நின்றுவிடும். ஆதலால் வில்சுருள் தன் விருப்பம்போல் பாய்ந்துவிடாதபடி உள்ளே ஒரு சிறு காவலன் உண்டு. கவர்னர் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். சுழலும் அச்சில் இரு சிறு எடைகள். வேகம் மிகும்பொழுது அவை வெளியே விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தில் உராய்ந்து வேகத்தைத் தணிக்கும். காரைக்குடிக் கடையில் நான் கேட்ட கர்ர்ர் என்ற ஒலி இந்தக் காவலனின் குரலே.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் எங்கள் ஊருக்கு அடுத்த வில்லாபுரத்தில் வாழும் ஒரு பெரியவர். தொலைபேசி இலாகாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெக்கானிக்காக இருந்தவர். நான் அவரை அண்ணே என்பேன். என்னைவிட மூத்தவராயினும் அவர் என்னை சார் என்றே அழைப்பார். பழைய தொலைபேசி எதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும் அவர் முதலில் பார்க்க மாட்டார், கேட்பார். 0-வைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பத்துத் துடிப்பிற்கு ஒரு வினாடி, முன்னும் பின்னும் சிறிது. "இது கொஞ்சம் சோம்பலா வருது சார்" என்பார். அல்லது "ஓடுறான், பிடிச்சு நிறுத்தணும்" என்பார். கவர்னரின் எடை தாங்கும் கம்பியை ஒரு மயிரிழை வளைப்பார். அவ்வளவுதான். அளவுகருவி கொண்டு நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்; அவர் செவி பிழைத்ததில்லை.

இத்தொலைபேசிகள் ஏன் அரியவை ஆயின? இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட பொருள் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை கண்டபொழுது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. வீட்டில் இருந்த தொலைபேசி வீட்டாருக்குச் சொந்தமானதன்று. இந்தியாவில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களின் தொலைபேசிக் கம்பெனிகளை 1943-ஆம் ஆண்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் நெடுங்காலம் தொலைபேசி என்றால் இலாகாவின் உடைமை. வாடகை கொடுத்தோம், பேசினோம், இணைப்பைத் துண்டித்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்தோம். இங்கிலாந்தில் தபால் இலாகாவின் ஆட்சியிலும் இதே நிலைதான். அமெரிக்காவில் பெல் நிறுவனம் தன் தொலைபேசிகள் பலவற்றில், 'பெல் அமைப்பின் உடைமை, விற்பனைக்கன்று' என்ற பொருளுடைய வாசகத்தைப் பொறித்தே கொடுத்தது. இன்று அந்த வாசகம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துத்தான் விற்கிறார்கள்!

திரும்பி வந்த கருவியை இலாகா என்ன செய்யும்? பழுது பார்க்கும்; ஒன்றன் தட்டை மற்றொன்றில் பூட்டும்; புது உறை போடும்; மீண்டும் ஒரு வீட்டிற்கு அனுப்பும். பயன் தீர்ந்தபின் உடைத்து உலோகத்தைப் பிரித்துவிடும். நம் நாட்டில் சுதந்திரம் வந்தபொழுது இருந்த தொலைபேசிகளே ஏறத்தாழ 80,000தாம். 1948-இல் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிலகம் தொடங்கப்பட்ட பிறகே இங்குச் செய்த கருவிகள் பெருகின. ஆகவே அதற்கு முற்பட்ட கருவி ஒன்று முழுமையாக, அதன் பிறந்த உறுப்புகளோடு எஞ்சுவது அரிதினும் அரிது. எஞ்சியவை பெரும்பாலும் இலாகாவின் கணக்கில் வராதவை: ஆலைகள் தமக்குள் வைத்திருந்த சிறு எக்ஸ்சேஞ்சுகளைச் சார்ந்தவை, எவரோ திருப்பிக் கொடுக்க மறந்தவை, அல்லது மறந்ததாகச் சொல்லிக்கொண்டவை.

உள்ளூரில் தேடினேன். மதுரை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஐ.டி.ஐ. என்று பொறித்த கறுப்புக் கருவிகள் இரண்டு கிடைத்தன. அதற்கு மேல் இல்லை. 2005-ஆம் ஆண்டில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் கணிப்பொறியின் முன் அமர்த்தி ஈபே என்னும் தளத்தைக் காட்டினார். 1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கியது அது. நம் நாட்டில் இருந்த பாஜி என்னும் ஏலத் தளத்தை 2004-இல் அந்நிறுவனம் வாங்கி, இந்தியாவுக்கென ஒரு பிரிவை நடத்தியது. அப்பிரிவு 2018-இல் மூடப்பட்டது. வெளிநாட்டுத் தளங்களில் இன்றும் நாம் ஏலம் கேட்கலாம்.

இணைய ஏலத்தின் விதி கண்மாய்க் கரை விதியன்று. பெரும்பாலான தளங்களில் நீங்கள் உங்கள் உச்ச விலையை முன்னரே மறைவாகக் குறித்துவிடலாம். உங்களுக்காக யந்திரமே தேவையான அளவு மட்டும் ஏற்றிக் கேட்கும். நான் 60 பவுண்டு என்று குறித்தேன், மற்றொருவர் 45, மூன்றாமவர் 30. பொருள் எனக்கு, ஆனால் நான் கொடுப்பது 60 அன்று, இரண்டாமவர் விலையாகிய 45-க்கு ஒரு படி மேலே, அவ்வளவே. வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர் 1961-ஆம் ஆண்டு இத்தகைய ஏலத்தின் தன்மையைக் கணித முறையில் ஆராய்ந்து எழுதினார். 1996-இல் நோபல் பரிசு பெற்றார். வெல்பவன் இரண்டாமவன் விலையைக் கொடுக்கும் ஏலத்தில், ஒவ்வொருவரும் தமக்கு அப்பொருள் உண்மையில் எவ்வளவு பெறுமோ அதையே குறிப்பது நன்று என்பது அவர் கண்ட முடிவு. கூட்டிக் குறித்தால் நட்டம். குறைத்துக் குறித்தால் பொருள் போய்விடும்.

கணிதம் அப்படிச் சொல்கிறது. மனித மனம் அப்படி நடக்கிறதா? நான் நடக்கவில்லை. இங்கிலாந்தில் விற்பவர் பலர் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஏலம் முடியும்படி வைப்பார்கள். குளிர்காலத்தில் அது நமக்கு நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. வீடு உறங்கும், நான் மட்டும் திரையின்முன் விழித்திருப்பேன். 60-க்கு மேல் போவதில்லை என்று மாலையில் எழுதி வைத்த சீட்டு மேசைமேலேயே இருக்கும். முடிய இருபது வினாடி இருக்கையில் யாரோ 61 என்பார். அவர் முகம் எனக்குத் தெரியாது. கண்மாய்க் கரையிலாயின், அவர் மீன் வியாபாரியா, வீண் வீம்புக்கு நிற்பவரா என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவேன். இங்கே ஓர் எண் மட்டும் நிற்கிறது. என் சீட்டை நானே கிழித்த இரவுகள் உண்டு. விலையோடு நிற்பதுமில்லை. அனுப்பும் கூலி உண்டு. இங்கு வந்ததும் சுங்க வரி உண்டு. பல வேளை இவ்விரண்டும் சேர்ந்து தொலைபேசியின் விலையைத் தாண்டிவிடும்.

வெளிநாட்டுக் கருவியை வாங்குவதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எல்லா நாட்டுச் சுழல்தட்டும் ஒன்றல்ல. ஸ்வீடன் நாட்டுத் தட்டில் 0 முதலிடத்தில் நிற்கும். அதைச் சுழற்றினால் ஒரே துடிப்பு. 1-க்கு இரண்டு துடிப்பு. நியூஸிலாந்தில் வரிசையே தலைகீழ். நம்முடைய 9 இருக்கும் துளையில் அவர்களுக்கு 1. இங்கிலாந்தில் ஆபத்துக் காலத்தில் 999 என்று அழைப்பார்கள், நியூஸிலாந்தில் 111. எண் வேறாயினும் கம்பியில் செல்லும் துடிப்பு இரண்டிலும் ஒன்றே என்பதை எண்ணிப் பாருங்கள். ஸ்வீடன் நாட்டு எரிக்ஸன் கருவி ஒன்றை வாங்கி, இங்கு இணைத்துப் பார்த்தபொழுது எந்த எண்ணும் சரியாகப் போகவில்லை. கருவி பழுது என்று ஒரு வாரம் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். பழுது கருவியில் இல்லை. என் அறியாமையில் இருந்தது.

பொருளைக் கையால் தொட முடியாத ஏலத்தில் எதை நம்புவது? படத்தையும் சொல்லையும்தான். இரண்டும் ஏமாற்றும். 1907-ஆம் ஆண்டு அளவில் லியோ பேக்லண்டு கண்ட பேக்கலைட் என்னும் பொருளால் ஆனவை பழைய கறுப்புத் தொலைபேசிகள். கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தால் கார்பாலிக் சோப்பை நினைவூட்டும் மணம் எழும். திரையை முகர்ந்து பார்க்க இயலுமா? பேக்கலைட் இயல்பாகவே கருமை சார்ந்தது; ஆதலால் தந்த நிறம், சிவப்பு, பச்சை ஆகியவற்றிற்கு வேறு பிளாஸ்டிக்குகளை நாடினார்கள். 1930-களின் ஆங்கிலக் கருவிகளில் பச்சை மிக அரிது, விலையும் மிகுதி. கறுப்பின்மேல் பச்சை வண்ணம் பூசியதும் படத்தில் பச்சையாகவே தெரியும். ஆகவே நான் விற்பவரிடம் மூன்றைக் கேட்பேன். உறையைக் கழற்றி உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கீறல் விழுந்த இடத்தை அருகில் காட்டுங்கள். 0-வைச் சுழற்றிவிட்டு, தட்டு திரும்பும் ஒலியைப் பதிவு செய்து அனுப்புங்கள். மூன்றாவதைக் கேட்டதும் சிலர் பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள். அதுவும் ஒரு பதில்தானே!

இந்த விவேகம் எனக்கு விலை கொடுத்து வந்தது. தொடக்கத்தில், லண்டனிலிருந்து ஒருவர் விற்ற பித்தளைத் தொலைபேசியை வாங்கினேன். மெழுகுவத்தித் தண்டு போன்ற வடிவம். மிகப் பழையது என்று விளக்கம். பெட்டியைப் பிரித்து வில்லாபுரத்து அண்ணனிடம் காட்டினேன். 0-வைச் சுழற்றினார். தட்டு விர்ரென்று ஒரே பாய்ச்சலில் திரும்பிவிட்டது. உள்ளே காவலனே இல்லை. "இது நம்ம சாதியே இல்லை சார்" என்று சொல்லித் திருப்பினார். அடிப்பாகத்தில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. அதை உரித்தபொழுது 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்ற சிறு தாள் இருந்தது. வட இந்தியப் பட்டறை ஒன்றில் அலங்காரப் பொருளாகப் பிறந்து, கடல் கடந்து போய், முதுமையை அங்கே சம்பாதித்துக்கொண்டு, என் செலவில் தாய்நாடு திரும்பியிருக்கிறது. சுங்க வரியும் நானே கட்டினேன்.

ஏமாந்த கதையைச் சொல்வது எளிது. மற்றொன்றையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி 1937 முதல் செய்த 302 என்னும் மாதிரி சேகரிப்போர் விரும்பும் பொருள். தொடக்க ஆண்டுகளில் அதன் உறை உலோகம், பின்னர் பிளாஸ்டிக். அந்தக் கம்பெனிக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அடித்தட்டு, மணி, சுழல்தட்டு, கைப்பிடி ஆகிய உறுப்பு ஒவ்வொன்றிலும் செய்த காலத்தைப் பொறித்துவிடுவார்கள். எல்லாம் ஒரே காலமாக இருந்தால் அக்கருவி பிறந்தபடியே இருக்கிறது என்று பொருள். என்னிடம் அத்தகைய கருவிகள் மூன்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையோடு வந்து சேர்ந்திருந்தன. மூன்றிலும் நல்லவற்றை எடுத்து ஒன்றாகப் பூட்டினேன். மெருகிட்டேன். 2012-ஆம் ஆண்டில், அடுத்த கருவிக்குப் பணம் வேண்டியிருந்ததால், அதனை இணையத்தில் ஏலத்திற்கு வைத்தேன். விளக்கத்தில், '1939-ஆம் ஆண்டுக் கருவி, அசல்' என்று எழுதினேன். அடித்தட்டில் 1939 என்று இருந்தது. அவ்வகையில் அது பொய்யன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் அதை வாங்கினார். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. கோபம் சிறிதும் இல்லை. அவர் கருவியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அடித்தட்டில் 1939, சுழல்தட்டில் 1947, கைப்பிடியில் 1951 என்று கண்டிருக்கிறார். மூன்றையும் படமெடுத்து அனுப்பி, கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "ஐயா, இவற்றுள் எது அசல்?"

இரண்டு நாள் நான் பதில் எழுதவில்லை. பெல் நிறுவனமே தன் பட்டறையில் இவ்வாறு கலந்து பூட்டியது உண்டே என்று வாதம் செய்யலாமா என எண்ணினேன். உண்மைதான், ஆனால் அவர்கள் வாடகைக்காரருக்கு அது 1939-இல் பிறந்தபடியே இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் சொன்னேன். கண்மாய்க் கரையில், ஏலம் விடுகிறவர் என்ன சொன்னாலும் கேட்பவர் கையில் கம்பு இருந்தது. அந்த மாணவருக்கு என் சொல்லைத் தவிர ஆழம் பார்க்க வேறொன்றும் இல்லை. பணத்தைத் திருப்பி அனுப்பி, வேண்டுமானால் கருவியை உண்மை விலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். அவர் வைத்துக்கொண்டார். அன்று முதல் என்னிடம் உள்ள கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கம் உண்டு. எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது, எது மாற்றியது, எதை நான் கெடுத்தேன் என்பது வரையில் அதில் எழுதியிருக்கிறேன்.

உங்களுள் எவரேனும் இத்துறையில் இறங்கினால் சில செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். அனுப்பும்பொழுது ரிசீவரைத் தாங்கியின்மேல் வைத்தே கட்டினால் வழியில் உறை வெடித்துவிடும். தனியே பொதிந்து அனுப்பச் சொல்லுங்கள். இணைப்பில் உள்ள கருவியைப் பிரிக்காதீர்கள். மணி அடிக்கும்பொழுது கம்பியில் 75 வோல்ட் அளவில் மின்சாரம் வரும். பழைய கருவியில் குரல் மங்கலாக இருந்தால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். வாயருகே உள்ள குமிழில் கரித்துகள்கள் இருக்கும், அவை இறுகிப்போயிருக்கும், உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் குரல் தெளியும். நூறாண்டு கடந்த பொருளை இந்தியாவிலிருந்து வெளிநாட்டிற்கு விற்க எண்ணினால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவியல் வரலாற்றைக் காட்டும் பொருள்களும் அச்சட்டத்தின் சொற்களில் அடங்குவன. தனியார் அவற்றை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. சிம்லா எக்ஸ்சேஞ்சின் காலத்துக் கருவிகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன.

இவை இன்றும் பேசுமா என்று கேட்பீர்கள். இரும்புக் கைகள் நடந்த எக்ஸ்சேஞ்சுகள் நம் நாட்டில் போய்விட்டன. மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் வந்து, இப்பொழுது கண்ணாடி இழையும் வந்துவிட்டது. சில இணைப்புகள் பழைய துடிப்பை இன்னும் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஏற்காத இடத்தில் துடிப்பை ஒலியாக மாற்றும் சிறு கருவியை இடையில் பொருத்தலாம். நான் வேறொரு வழி செய்திருக்கிறேன். துடிப்பைப் புரிந்துகொள்ளும் பழைய அலுவலக எக்ஸ்சேஞ்சுப் பெட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, அவனியாபுரத்தில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து மாடி அறை வரையில் ஆறு தொலைபேசிகளை இணைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் தெருப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் முதலில் செய்வது துளைக்குள் விரலை விட்டு அழுத்துவது! பொத்தான் என்று எண்ணம்.

சென்ற கோடையில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திண்ணையில் அமர்ந்து மாடிக்கு அழைக்க முயன்றாள். எண் 27. சுழற்றினாள், ஆனால் விரலைத் துளையிலிருந்து எடுக்காமல், தட்டையும் தானே வேகமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். மாடியில் மணி அடிக்கவில்லை, சமையலறையில் அடித்தது. வில்லாபுரத்து அண்ணன் அன்று அருகில் அமர்ந்திருந்தார். இப்பொழுது அவருக்குச் செவி மந்தம்; தட்டின் ஒலி கேட்பதில்லை. ஆதலால் கருவியின் உறைமேல் இரு விரல்களை வைத்துத் துடிப்பை எண்ணுகிறார். "பாப்பா, கையை எடுத்துடு. அது பாட்டுக்குத் திரும்பும்" என்றார். சிறுமி மறுபடியும் 2-ஐச் சுழற்றிக் கையை எடுத்தாள். பிறகு 7. அவருடைய விரல்கள் உறைமேலேயே இருந்தன. ஏழு முடிந்ததும் அவர் தலையை அசைத்தார். அதன் பிறகே மாடியில் மணி அடித்தது.